ஸ்லைடிங் கதவு தப்பான பக்கம் திறக்கிறது: கம்பெனியிடம் செலவை வாங்க முடியுமா?

கேள்வி: ஹாலிலிருந்து சிட்-அவுட்டுக்குப் போகும் வழியில் யு.பி.வி.சி ஸ்லைடிங் கதவு போட்டோம். ஒரு ஷட்டர் (கண்ணாடி பதித்த கதவுப் பலகை) நகரும், இன்னொன்று ஃபிக்ஸ்டு. இடதுபக்கம் வழி வேண்டும் என்று அளவெடுக்க வந்தவரிடம் மூன்று முறை சொன்னேன். வலதுபக்கம் திறக்கும்படி மாட்டிவிட்டார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் அம்மா சோபாவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. கேட்டால் எடுத்தெறிந்து பேசுகிறார்கள். "நீங்க ஓகே சொன்ன டிராயிங்படிதான் இருக்கு" என்கிறார்கள். நான்கு மாதம் ஆகிவிட்டது. மீதித் தொகையை நிறுத்தி வைத்திருக்கிறேன். வேறு ஆளை வைத்து மாற்றிக்கொண்டு, அந்தச் செலவையும் மன உளைச்சலுக்கு இழப்பீட்டையும் வாங்க முடியுமா?

பதில்: முதலில் ஒன்று. இதைப் படித்து முடிக்கும்வரை அந்தக் கதவில் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

மூன்று முறை சொன்னது, அவர்கள் பேசிய விதம், அம்மா படும் சிரமம் எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். வழக்கு நிற்பதும் விழுவதும் அந்த டிராயிங்கில்தான். அதை எடுத்து இரண்டு இடங்களைப் பாருங்கள். மூலையில் "வெளியிலிருந்து பார்க்கும் தோற்றம்" என்றோ "உள்ளிருந்து" என்றோ இருக்கும். ஷட்டர் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். அம்பு காட்டுவது ஷட்டர் நகரும் திசையை. வழி கிடைப்பது அதற்கு எதிர்ப்பக்கம். வெளியிலிருந்து வரைந்த படத்தில் வழி இடதுபக்கம் என்றால், ஹாலில் நிற்கும் உங்களுக்கு அது வலதுபக்கம். பெரும்பாலான "இடது, வலது" சண்டைகள் இந்த ஒரு வரியைப் படிக்காமல் ஓகே சொன்னதில்தான் தொடங்குகின்றன. வாட்ஸ்அப்பில் போட்ட ஓகேவும் ஒப்புதல்தான்.

படமும் மாட்டிய கதவும் வேறுவேறாக இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி அது சேவைக் குறைபாடு. 69-ம் பிரிவுப்படி 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். முதலில் கம்பெனிக்கு நோட்டீஸ், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் என்பதுதான் வழி. படத்தின்படியே கதவு இருந்தால், வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு எழுத்தை வெல்வது மிகக் கடினம். குறைபாடு நிரூபணமாகாத வழக்கில் மன உளைச்சலுக்கு ஒரு ரூபாயும் வராது.

இனி, நீங்கள் விழப்போகும் குழிக்கு வருகிறேன். "வேறு ஆளை வைத்து மாற்றிக்கொள்கிறேன்" என்கிறீர்கள். இந்தக் கதவைத் திருப்பி மாட்டுவது வெளியிலிருந்து பார்ப்பதுபோல் சுலபமில்லை. ஃபிரேமை முன்பின்னாகத் திருப்பினால் தண்ணீர் வடியும் துளைகள் வீட்டுக்குள் வந்துவிடும். தலைகீழாக்கினால் அந்தத் துளைகள் மேலே போய், மழைநீர் கீழ் டிராக்கில் தேங்கி ஹாலுக்குள் வழியும். ஷட்டரை மட்டும் முன்பின்னாகத் திருப்பினால் நடுவில் இரண்டு ஷட்டரும் கொக்கிபோல் பிணையும் இன்டர்லாக் எதிர்த்திசையைப் பார்க்கும், பிணையாது. உள்பக்கக் கைப்பிடி வெளியே போய்விடும். ஆகவே ஷட்டரைத் தலைகீழாக்குவார்கள். அப்போது அடியில் இருந்த ரோலர்கள் மேலே போகும். அவற்றைக் கழற்றி, இப்போது அடியாக வரும் சட்டத்தில் குழிவெட்டிப் பொருத்த வேண்டும். கண்ணாடியின் எடையைத் தாங்கும் பேக்கர்களையும் (சிறு பிளாஸ்டிக் துண்டுகள்) இடம் மாற்றி வைக்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது இந்தப் பேக்கர்தான். டஃபன்டு (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடியின் விளிம்பு திருகின் மீது உட்கார்ந்தால், பிறகு ஒருநாள் கதவைச் சற்று வேகமாகச் சாத்தும்போது மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டும். அந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் அம்மா இருக்கிறார்.

சட்டப்படி நடப்பது இதைவிட மோசம். டிராயிங்கோடு ஒப்பிட, மாட்டியபடியே இருக்கும் கதவுதான் உங்கள் முக்கியச் சாட்சி. ஆணையத்தில் மனு போட்டு நிபுணர் ஒருவரைப் பார்வையிட அனுப்பச் சொல்லலாம்; ஆனால் அவர் வரும்போது பார்க்கப்போவது மூன்றாம் ஆள் பிரித்து மாட்டிய கதவை. ஃபிரேமில் பழைய பூட்டு இருந்த இடத்தில் அடைத்த திருகுத் துளைகள், புதிதாகத் தடவிய சிலிகான், இவற்றைக் காட்டிக் கம்பெனி வக்கீல் சொல்வார்: "கதவு சரியாகத்தான் இருந்தது, கலைத்தது இவர்கள். வாரன்டியும் போயிற்று." அதன்பின் தண்ணீர் கசிந்தாலும் பூட்டு சேராவிட்டாலும் பொறுப்பு உங்கள் தலையில்தான். நல்ல வழக்கோடு வந்து இந்த ஒரு காரியத்தால் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் பலர்.

நான்கு மாதம் எழுத்தில் எதுவும் சொல்லாமல் பயன்படுத்தியதும் பாரம்தான். சரக்கு விற்பனைச் சட்டம் 1930-ன் 42-ம் பிரிவுப்படி, நியாயமான காலத்துக்குள் மறுப்புத் தெரிவிக்காமல் வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். அதன்பின் பொருளைத் திருப்பித் தள்ள முடியாது. இழப்பீடு மட்டுமே கேட்கலாம். போனில் போட்ட சண்டைக்குப் பதிவு கிடையாது. இன்றே ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள்: டிராயிங் தேதி, மாட்டிய தேதி, எது மாறியிருக்கிறது, மீதித் தொகையை எதற்காக நிறுத்தியிருக்கிறீர்கள். காரணம் எழுதாமல் நிறுத்திய பணம் வெறும் பாக்கி. அதைக் காட்டியே உங்கள்மேல் வசூல் வழக்குப் போடலாம். வேலை முடிந்ததும் "திருப்தி" என்று எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா என்பதையும் தேடிப் பாருங்கள்.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: டிராயிங் உங்களுக்குச் சாதகமாக இல்லையென்றால் சமரசமாகப் போங்கள். சாதகமாக இருந்தாலும், ஒரு நோட்டீஸோடு பேசி முடிப்பது நல்லது. அம்மாவுக்கு வழி இப்போதே வேண்டும், தீர்ப்புக்கு நாளாகும்.

பேசுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். நகராத பக்கக் கண்ணாடி தனி ஷட்டரில் இருக்கிறதா, நேரடியாக ஃபிரேமில் பதித்திருக்கிறதா? தனி ஷட்டர் என்றால் ஃபிரேம் சுவரிலேயே இருக்கட்டும். இரண்டு ஷட்டரையும் பட்டறைக்குக் கொண்டுபோய், அதே கண்ணாடியை வைத்துப் புதிய ஷட்டர் சட்டங்களில் செய்து தரச் சொல்லுங்கள். டஃபன்டு கண்ணாடியை வெட்டவோ துளையிடவோ முடியாது, ஆகவே கண்ணாடி அளவு மாறக் கூடாது. ஃபிரேமிலேயே பதித்தது என்றால் ஃபிரேமையே மாற்ற வேண்டிவரும். அங்கே செலவைப் பாதிப்பாதி பகிர்வது என்று இறங்கி வந்தால்கூட நஷ்டமில்லை. தனி ஷட்டர் வகையில், கூலி அவர்கள், புதிய ஷட்டர் சட்டங்களின் விலை நீங்கள் என்று முடிக்கலாம். கொசுவலை ஷட்டர் இருந்தால் அதையும் சேர்த்துப் பேசுங்கள், பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒப்பந்தத் தாளில் புதிய டிராயிங் இணைக்கப்பட வேண்டும். அதில் "ஹாலில் நின்று வெளியே பார்க்கையில் இடதுபக்கம் வழி" என்று தமிழிலேயே ஒரு வரி எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். வாரன்டி மறுபடி மாட்டும் தேதியிலிருந்து தொடங்க வேண்டும். மாட்டி முடித்ததும் டிராக்கில் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அது முழுவதும் வெளிப்பக்கத் துளைகள் வழியாக வடிந்த பிறகு மீதித் தொகையைக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.