அடையாறு ப்ரீ-கேஜிக்கு ஆண்டுக்கு 2.3 லட்சம்: கட்டலாமா?

கேள்வி: சென்னை சேலையூரில் சொந்த வீட்டில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இருவர் சம்பளமும் சேர்த்துக் கைக்கு வருவது 1,05,000 ரூபாய். வீட்டுக்கடன் இஎம்ஐ 34,000. எல்லாச் செலவும் போக மாதம் 16,000 மிச்சப்படுகிறது. மகளுக்கு ஜூனில் மூன்று வயது முடிகிறது. அடையாறில் பேர்பெற்ற ப்ரீ-ஸ்கூலில் இடம் கிடைத்திருக்கிறது. ஆண்டுக் கட்டணம் 1,65,000. புத்தகம், சீருடை 18,000. வேன் மாதம் 4,500 வீதம் 11 மாதம். சேர்க்கைக் கட்டணம் தனியாக 35,000. எங்கள் தெருப் பள்ளியில் எல்லாம் சேர்த்து 55,000தான். இரண்டிலும் நேரம் 9 முதல் 12.30 வரை. எதில் சேர்ப்பது?

பதில்: தெருப் பள்ளியிலேயே சேருங்கள். உங்கள் வரவுக்கும் குழந்தையின் வயதுக்கும் அதுதான் பொருந்தும்.

அடையாறு பள்ளிக்கு ஆண்டுக்கு 2,32,500 ஆகிறது. தெருப் பள்ளியைவிட 1,77,500 கூடுதல், அதாவது மாதம் சுமார் 14,800. தெருப் பள்ளிக் கட்டணத்தையும் கழித்த பிறகுதான் அந்த 16,000 மிச்சம் என்று வைத்துக்கொண்டாலும், அதில் கிட்டத்தட்ட முழுவதும் இதற்கே போய்விடும். இரண்டு பள்ளிகளுமே ஆண்டுக்கு 10 சதவீதம் ஏற்றினால், எல்கேஜியிலேயே வித்தியாசம் மாதம் 16,000-ஐத் தாண்டும். யுகேஜி முடிவதற்குள் சேர்க்கைக் கட்டணத்தோடு கூடுதல் செலவு 6.2 லட்சம். இடையில் யாருக்காவது வேலை போனால் இஎம்ஐ கட்டக் கையிருப்பு இருக்காது.

வரிச் சலுகையை நம்பி முடிவெடுக்க வேண்டாம். பழைய வரி முறையில் 80சி என்று அறியப்பட்ட கழிவு, பள்ளிச் செலவில் டியூஷன் கட்டணத்துக்கு மட்டும் உண்டு; மற்றச் சேமிப்புகளோடு சேர்த்து ஆண்டுக்கு 1.5 லட்சம்தான் வரம்பு. வேனுக்கும் சீருடைக்கும் கிடையாது. பிஎஃப்பும் வீட்டுக்கடன் அசலுமே பெரும்பாலும் அந்த 1.5 லட்சத்தை நிரப்பிவிடும். புதிய முறையில் இந்தக் கழிவே இல்லை.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது தூரம். வேளச்சேரி வழியாக ஒரு பக்கம் சுமார் 18 கிலோமீட்டர். பல வீடுகளில் நின்று போகும் வேனில் காலை நெரிசலில் ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும். மூன்றரை மணி நேர வகுப்புக்காகக் குழந்தை இரண்டரை மணி நேரம் வேனில் உட்கார வேண்டும். இந்த வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும்; வேன் பயணம் அதைத்தான் தின்னும். நவம்பர் மழையில் வழியிலுள்ள பள்ளிக்கரணையில் தண்ணீர் நின்றால் வேன் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பத்தரை மணிக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் உங்களில் யார் அடையாறு போய்ச் சேர முடியும்?

பேர்பெற்ற பள்ளி என்பதால் பின்னால் பெரிய பள்ளியில் இடம் உறுதி என்றும் நினைக்க வேண்டாம். ஒன்றாம் வகுப்புக்கு நேரடித் தொடர்ச்சி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். உண்டு என்றால், நீங்களும் அந்தப் பக்கமே குடிபோவதாக இருந்தால், கணக்கு மாறும். மகளுக்குப் பேச்சுப் பயிற்சி போன்ற சிறப்புத் தேவை இருந்து, அது அங்கே மட்டும்தான் கிடைக்கிறது என்றாலும் அப்படியே.

தெருப் பள்ளியைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கச் சொல்லவில்லை. ஒரு வேலைநாளில் பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஓர் ஆயாவுமாவது இருக்க வேண்டும். கழிப்பறை, கேட் பூட்டு, கேமரா, மதியம் யாரிடம் குழந்தையை ஒப்படைக்கிறார்கள் என்பதையெல்லாம் கவனியுங்கள். குழந்தைகள் விளையாடுகிறார்களா, உட்கார வைத்து எழுத வைக்கிறார்களா? மூன்று வயதில் எழுத்து வேலையைத் திணிக்கும் பள்ளி என்றால், பக்கத்திலேயே வேறொன்றைத் தேடுங்கள்.

அடையாறுதான் என்று முடிவெடுத்தாலும் 'வட்டியில்லா இஎம்ஐ'யில் கட்டணம் கட்டாதீர்கள். கடன் நிறுவனம் பள்ளிக்கு முழு ஆண்டுத் தொகையையும் கொடுத்துவிடும். பாதியில் குழந்தையை நிறுத்தினாலும் தவணை ஓடிக்கொண்டே இருக்கும். டெர்ம் வாரியாகக் கட்டுங்கள்.

மிச்சமாகும் 14,800-இல் மாதம் 12,000-ஐ மகள் பெயரில் அஞ்சலகத்தில் சுகன்யா சம்ரித்தி (செல்வமகள் சேமிப்பு) கணக்கில் போடுங்கள். மூன்று ஆண்டுகள் போட்டு, பிறகு ஆண்டுக்குக் குறைந்தபட்சமான 250 ரூபாய் மட்டும் கட்டிவந்தாலும், சராசரி வட்டி 8 சதவீதம் என்றால் அவளுடைய 18 வயதில் சுமார் 12 லட்சம் இருக்கும். அதில் பாதிவரை கல்லூரிக்காக எடுக்கலாம். வட்டி விகிதத்தை அரசு காலாண்டுக்கு ஒருமுறை மாற்றலாம். பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பான் கார்டு இருந்தால் கணக்குத் தொடங்கிவிடலாம்.