ஸ்பீட் டெஸ்ட் நன்றாகத்தான் இருக்கிறது, கேம் மட்டும் ஏன் திணறுகிறது?

கேள்வி: மேசைக் கணினியை வைஃபையில் இணைத்திருக்கிறேன். ஸ்பீட் டெஸ்டில் 100 எம்பிபிஎஸ் வருகிறது. ஆனால் ஆன்லைன் கேமிலும் வீடியோ காலிலும் அவ்வப்போது ஓரிரு நொடி எல்லாம் உறைந்துபோய், தானாகச் சரியாகிறது. டிஎன்எஸ் மாற்றிப் பார்த்தும் பயனில்லை. புது ரூட்டர் வாங்க வேண்டுமா?

பதில்: ரூட்டரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஒரு நொடிக்கு எவ்வளவு டேட்டா வருகிறது என்பதைத்தான் ஸ்பீட் டெஸ்ட் சொல்லும். உங்களைப் படுத்துவது, பாக்கெட் (டேட்டா பயணிக்கும் சிறு பொட்டலம்) போய்த் திரும்ப எடுக்கும் நேரம். நடுவில் ஒரு நொடி தடுமாறினாலும் சராசரியில் அது கரைந்துவிடும். டிஎன்எஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தளத்தின் பெயருக்கு முகவரி தேடித் தருவதோடு அதன் வேலை முடிந்தது.

கோளாறு கணினிக்கும் ரூட்டருக்கும் நடுவிலா, ரூட்டரைத் தாண்டியா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். விண்டோஸ் என்றே வைத்துக்கொள்கிறேன். கமாண்ட் ப்ராம்ப்ட்டை இரண்டு ஜன்னல்களில் திறங்கள். ஐபிகான்ஃபிக் கட்டளை கொடுத்தால், ‘டீஃபால்ட் கேட்வே’ வரியில் ரூட்டரின் முகவரி தெரியும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. ஒரு ஜன்னலில் அதற்கும், இன்னொன்றில் கூகுள் சர்வரின் முகவரியான 8.8.8.8-க்கும் பிங் கொடுங்கள். பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தை அளந்து காட்டும் கட்டளை அது. கடைசியில் சிறு கோடு போட்டு ‘டி’ (டைமுக்கு வரும் டி) சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். அப்புறம் வழக்கம்போல விளையாடுங்கள்.

ரூட்டருக்கான பிங் சாதாரணமாகச் சில மில்லி செகண்டுகளில் நிற்கும். திணறும்போது இரண்டு ஜன்னலிலும் எண் 300, 800 என்று குதித்தால் வைஃபைதான் காரணம். 8.8.8.8 மட்டும் குதித்தால் வைஃபையில் கை வைக்கவே வேண்டாம்.

வைஃபை என்று தெரிந்துவிட்டால், குதிப்பு எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வருகிறது என்று கவனியுங்கள். பலரும் இதைப் பார்ப்பதே இல்லை. ஆனால் பாதி விடை இதில்தான் இருக்கிறது. கடிகாரம் வைத்ததுபோல ஒரே இடைவெளியில் வந்தால், உங்கள் கணினியே பக்கத்து நெட்வொர்க்குகளைத் தேடுகிறது என்று சந்தேகப்படலாம். வேறு சேனல்களை (வைஃபை அலைவரிசையின் உட்பிரிவுகளை) கேட்கப் போகும் நேரத்தில் வைஃபை கார்டு தன் சேனலில் இருக்காது; பாக்கெட்டுகள் காத்துக்கிடக்கும். சோதிப்பது எளிது: பிங் ஓடும்போதே டாஸ்க்பாரில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். அப்போதும் அதே மாதிரி எண் எகிறினால் சந்தேகம் வலுக்கிறது.

இந்தத் தேடலைத் தூண்டுவதில் லொகேஷன் சேவைக்குப் பங்கு உண்டு. அமைப்புகளில் அதை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். வைஃபை கார்டோடு வரும் கூடுதல் மென்பொருள்களையும், ‘பிங் குறைக்கிறோம்’ என்று வரும் பூஸ்டர் செயலிகளையும் நீக்கிவிடுங்கள். பின்னதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்து, ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ரோமிங் அக்ரெசிவ்னஸ் (வேறு நல்ல சிக்னலை எவ்வளவு ஆர்வமாகத் தேட வேண்டும் என்ற அமைப்பு) இருந்தால் குறைந்த நிலையில் வையுங்கள். ‘பவர் மேனேஜ்மென்ட்’ பகுதி இருந்தால், மின்சாரம் மிச்சப்படுத்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதுப்பியுங்கள். ஒரு மாற்றம், ஒரு சோதனை என்று போங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

குதிப்பு ஒழுங்கில்லாமல் வந்தால் இரைச்சல், அதாவது மற்ற ரேடியோ அலைகளின் குறுக்கீடு, காரணமாக இருக்கலாம். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் பயன்படுத்தக் கிடைப்பவை 1, 6, 11 என மூன்றே சேனல்கள். அதிலேயே அக்கம்பக்கத்து ரூட்டர்களும் புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் நெருக்கியடிக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். அங்கே 36 முதல் 48 வரையிலான சேனல்கள் பாதுகாப்பான தேர்வு. 52-க்கு மேல் பல சேனல்கள் ரேடாருடன் பகிரப்படுபவை, ரேடார் சிக்னல் கிடைத்ததாக நினைத்தாலே ரூட்டர் வேறு சேனலுக்கு மாறிவிடும். யூஎஸ்பி வைஃபை டாங்கிளா? யூஎஸ்பி 3 போர்ட்டும் அதில் செருகிய ஹார்ட் டிஸ்க்கும் 2.4-இல் இரைச்சல் கிளப்பும். டாங்கிளை ஒரு நீட்டிப்பு வயரில் தள்ளி வையுங்கள். கார்டு உள்ளே இருந்தால், கேபினட்டின் பின்னால் ஆன்டெனாக்கள் திருகப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பெட்டியிலேயே கிடந்துவிடுவது உண்டு.

சரி, 8.8.8.8 மட்டும் குதிக்கிறது என்றால்? வீட்டில் யாராவது பெரிய கோப்பை அப்லோடு செய்கிறார்களா, மொபைல் புகைப்படங்களை கிளவுடுக்கு அனுப்புகிறதா என்று பாருங்கள். அப்லோடு நிரம்பினால் உங்கள் பாக்கெட்டும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். ரூட்டரில் எஸ்க்யூஎம் (பாக்கெட் வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும்) வசதி இருந்தால் இயக்கி, வரம்பை லைனின் உண்மையான வேகத்தில் 90 சதவீதமாக வையுங்கள். அந்த வசதி இல்லாத ரூட்டர் என்றால் மட்டும் புதிது வாங்குவதில் அர்த்தம் உண்டு.

யாரும் எதையும் அப்லோடு செய்யாதபோதும் குதித்தால், இரண்டு ஜன்னல்களையும் நேரத்தோடு படமெடுத்து இணைய நிறுவனத்துக்கு அனுப்புங்கள். கணினியை ஈதர்நெட் கேபிளில் இணைத்து எடுத்த படமாக இருக்கட்டும். வைஃபையில் எடுத்தால் முதல் பதிலே ‘உங்கள் வைஃபையைப் பாருங்கள்’ என்றுதான் வரும்.