தாளிப்பனை பூக்குமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

மூன்று வருடம் முன்பு கேரளத்தில் ஒரு குடப்பனையின் (தாளிப்பனைதான்) அடியில் கிடந்த கொட்டைகளைப் பொறுக்கி வந்தேன். ஒன்று மட்டும் முளைத்தது. இப்போது தொட்டியில் நான்கு இலைகளோடு நிற்கிறது. பூத்ததும் செத்துப்போகிற மரம் குடும்பத்துக்கு ஆகாது என்கிறார் மாமியார். வைக்கலாமா? எனக்கு 57 வயது. பூவைப் பார்ப்பேனா?

நாகர்கோவில் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அநேகமாகப் பார்க்க மாட்டீர்கள். தாளிப்பனை பூக்க 30 முதல் 80 வருடம் வரை ஆகும். அது மனசு வைத்து 30-லேயே பூத்தால் உங்களுக்கு 84.

மாமியாரின் பயம் பழையது. கடலோரக் கர்நாடகத்தில் பூக்க ஆரம்பித்த மரத்தை அபசகுனம் என்று வெட்டிவிடுவதுண்டு. நடப்பது இவ்வளவுதான்: பல வருடமாகத் தண்டில் சேர்த்த மாவுச்சத்து மொத்தத்தையும் மரம் ஒரே பூங்கொத்தில் செலவழிக்கிறது. உச்சியில் 6 முதல் 8 மீட்டர் உயரத்துக்குக் கிளைவிட்டு, பல லட்சம் சின்னஞ்சிறு பூக்கள். காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருடம். அதற்குள் ஓலைகள் தொங்கிப்போகும். நியூகினியில் சவ்வரிசிப் பனையைப் பூக்கும் தறுவாயில் வெட்டுவதும் இந்த மாவுக்காகத்தான். (நம் கடைச் சவ்வரிசி மரவள்ளிக்கிழங்கு, அது வேறு கதை.)

வாழையும் குலை தள்ளினால் முடிந்தது. அதைத்தானே கல்யாண வாசலில் குலையோடு கட்டுகிறோம்? மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு வித்தியாசம், வாழைக்குப் பக்கக்கன்று உண்டு, தாளிப்பனைக்குக் கிடையாது. எல்லாம் விதையில்தான்.

விதை என்றதும் என் முட்டாள்தனம் ஞாபகம் வருகிறது. மூன்றாம் மாதம் பொறுக்காமல் மண்ணைக் கிளறினேன். கொட்டையிலிருந்து வெள்ளையாக ஒன்று கீழே போயிருந்தது. வேர் என்று நினைத்துக் கொட்டையை நிமிர்த்தி வைக்கப் போக, பட்டென்று ஒடிந்தது. கன்று உருவாவதே அதன் நுனியில், மண்ணுக்கடியில். பனங்கொட்டையும் இப்படித்தான் முளைக்கும். பனங்கிழங்கு தின்று வளர்ந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா!

சரி, எங்கே வைப்பது? வீட்டை ஒட்டி வேண்டாம். வளர்ந்த ஓலை ஒன்றே 5 மீட்டர் அகலம் வரும், மட்டையின் ஓரத்தில் முள் வேறு. பல வருடம் தண்டே எழும்பாது, தரையிலிருந்தே விசிறி விசிறியாக விரியும். எனக்குப் பூவைவிட அந்தப் பருவம்தான் பிடிக்கும். அந்தக் காலத்து ஆட்களும் பூவுக்காக இதை வளர்க்கவில்லை. கேரளத்தில் ஓலைக்குடை செய்தார்கள். இலங்கையில் விரியாத குருத்தோலையை வேகவைத்து, உலர்த்தி, தேய்த்து மழமழப்பாக்கிச் சுவடி எழுதினார்கள். சீதாளம் என்று நம் சுவடிக்காரர்கள் சொன்னது இதைத்தான். பனையோலையைவிட மெல்லிசு, அகலமும் அதிகம்.

தொட்டியில் ரொம்ப நாள் வைத்திருக்காதீர்கள். வேர் ஆழமாகப் போகிற சாதி, பெரிதானபின் பெயர்த்து நட்டால் பிழைப்பது கஷ்டம். ஜூன் மழை பிடித்ததும் மண்கட்டி உடையாமல் இறக்கி நட்டுவிடுங்கள். சுற்றிலும் பத்தடி வெறுமையாகத்தான் இருக்கும். அவசரப்பட்டு அங்கே தென்னம்பிள்ளை எதையும் வைத்துவிடாதீர்கள்.