மரம் வெட்டுகிறவரா, மரம் தெரிந்தவரா?

வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் போதும், மரத்தைப் பற்றிய கேள்விகள் என்னிடம் வந்து குவியும். ஆடியில் ஒருவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. ஐப்பசியில் எல்லோருக்கும் பயம். இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மடிப்பாக்கத்திலிருந்து: ஐயா, எங்கள் வாசலில் 30 வயது வேப்பமரம் நிற்கிறது. கிளைகள் மொட்டைமாடிக்கு மேல் வந்துவிட்டன. தெருவில் போன ஒருவர் 3,000 ரூபாய்க்கு மொட்டை அடித்துத் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு 9,000 கேட்கிறார். வெட்டுவது ஒரே மரம்தானே, ஏன் இத்தனை வித்தியாசம்?

சுற்றிச் சுற்றிப் பார்த்தார் அல்லவா, அதற்குத்தான் அந்தக் கூலி.

முதலில் மொட்டை அடித்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். இலைதான் மரத்துக்குச் சமையலறை. மொத்தத்தையும் எடுத்துவிட்டால் மரம் பதறிப்போய், வெட்டுவாய்க்குக் கீழே உறங்கிக் கிடந்த மொட்டுகளையெல்லாம் ஒரே நேரத்தில் கிளப்பிவிடும். ஆறே மாதத்தில் பச்சைப்பசேல் என்று தழைத்து நிற்பதைப் பார்த்து, மரம் பிழைத்துக்கொண்டது என்று நாமும் மகிழ்வோம். ஆனால் அந்தப் புதுக் கொப்புகள் தண்டின் வெளி அடுக்கில் மட்டுமே ஒட்டிக்கொண்டிருப்பவை. பழைய கிளைக்கு இருந்ததுபோல் மரத்துக்குள் ஆழமாகப் பிடிப்பு கிடையாது. கீழே வெட்டுவாயோ உளுக்கத் தொடங்கியிருக்கும். சில ஆண்டுகளில் கொப்புகள் கனத்து, நல்ல காற்று வரும் நாளில் கிழிந்து விழும். அபாயத்தைக் குறைக்கக் காசு கொடுத்தோம் என்று நினைப்போம். நடந்தது அதைத் தள்ளிப்போட்டுப் பெருக்கியதுதான்.

இரண்டாமவர் கூரைமேல் நீண்ட கிளைகளை மட்டும், சரியான கவையில், நீளம் குறைத்து எடுப்பார். ஒரே தடவையில் பச்சைத் தழையில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பொதுவான வரம்பு. வயதான மரத்துக்கு அதிலும் குறைவு.

எங்கே வெட்டுகிறார் என்பதையும் நின்று பாருங்கள். கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றுத் தடித்த வளையம் ஒன்று தெரியும். காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் கிளம்பும். வெட்டு அந்த வளையத்துக்கு வெளியே, அதை ஒட்டி விழவேண்டும். தண்டோடு வழித்து வெட்டினால் வளையம் போய்விடும். முழ நீளக் கட்டையை முளைபோல நீட்டி விட்டு வெட்டினால் அந்த முளை செத்து, உளுத்து, பொந்தாகும். கனத்த கிளை என்றால் மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, அடிப்பக்கத்தில் கொஞ்சம் அறுப்பது முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை விழவைப்பது இரண்டாவது. மிஞ்சிய முளையை வளையத்தை ஒட்டி எடுப்பது மூன்றாவது. முதல் வெட்டைச் சோம்பலில் விட்டுவிட்டால், விழுகிற கிளை தண்டின் பட்டையை உரித்துக்கொண்டே போகும். உங்கள் தெருவில் பழைய மரங்களைப் பாருங்கள், நீளவாக்கில் பட்டை கிழிந்த தழும்பு ஒன்றாவது கண்ணில் படும்.

அதே கேள்வியைத் தொடர்ந்து ஒரு வாசகி: வெட்டிய இடத்தில் தார் பூசலாமா, சாணம் பூசலாமா, பெயிண்டா?

எதுவும் வேண்டாம். அமெரிக்க வனத்துறையில் ஆராய்ச்சியாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பிளந்து பார்த்தவர். மரத்துக்கு நம்மைப்போல் புண் ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி உள்ளுக்குள் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புது மரம் வளர்க்கிறது என்று 1970-களில் அவர் விளக்கினார். மேலே பூசும் பூச்சு உளுப்பதைத் தடுப்பதில்லை. சில நேரம் ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துக் கெடுதலும் செய்யும். பொந்துக்குள் சிமெண்ட் அடைப்பதும் அப்படித்தான். காற்றில் மரம் அசையும், சிமெண்ட் அசையாது.

ஆவடியிலிருந்து: அண்ணா, என் கணவர் அலுமினிய ஏணி வைத்துத் தாமே மாமரக் கிளையைக் கழிக்கப் போகிறேன் என்கிறார். கிளை மின்கம்பியை உரசுகிறது. நான் சொன்னால் கேட்கமாட்டார், நீங்கள் எழுதுங்கள்.

எழுதிவிட்டேன்: ஏறாதீர்கள்.

பச்சைக் கிளைக்குள் நீர் ஓடுகிறது, அதன் வழியே மின்சாரமும் பாயும். அலுமினியத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தெருவில் போவது 11,000 வோல்ட் கம்பி என்றால் தொடக்கூட வேண்டியதில்லை, மிக அருகில் போனாலே தாவும். "மின்சாரம் நின்ற நேரம் பார்த்து வெட்டிவிடுவேன்" என்பார்கள். எந்த நிமிடமும் மின்சாரம் திரும்ப வரும். அதோடு, பக்கத்து வீட்டு ஜெனரேட்டரைச் சரியாக இணைக்காமல் விட்டிருந்தால் அது செத்த கம்பிக்கும் உயிர் கொடுத்துவிடும். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் புகார் பதியுங்கள். அவர்கள் லைன் கிளியர், அதாவது அந்தக் கம்பியில் மின்சாரத்தை நிறுத்திய உறுதி, வாங்கிக்கொண்டு வந்து வெட்டுவார்கள். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: மின்வாரியம் வெட்டுவது கம்பிக்காக, மரத்துக்காக அல்ல. கம்பிப் பக்கத்தை அவர்கள் எடுத்த பிறகு, ஒருபக்கமாகக் கனத்து நிற்கும் மரத்தைச் சமன் செய்ய மரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

பேராவூரணியிலிருந்து: கஜா புயலில் தப்பிய தென்னைகள் சில இருக்கின்றன. ஏற ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்டது. வருகிறவர் தண்டில் படி வெட்டி ஏறுகிறார், பச்சை மட்டைகளையும் சேர்த்து வெட்டிவிடுகிறார். இது சரியா?

இரண்டும் தவறு. 2018 நவம்பர் 16-ஐத் தாண்டி நின்ற மரத்துக்கு நாமே புயலாக வேண்டாம்.

வேம்புபோலத் தென்னைத் தண்டில் காயத்தை மூடும் திசு இல்லை. இன்று வெட்டிய படி, மரம் இருக்கும் வரை அப்படியே திறந்த புண்ணாக நிற்கும். அந்த வாடைக்குத்தான் மரத்தை உள்ளே குடையும் சிவப்புக் கூன்வண்டு வரும். தென்னைக்கு இருப்பது ஒரே குருத்து; அது போனால் மரம் போயிற்று. பச்சை மட்டையை எடுத்தால் காய்ப்பும் குறையும், ஏனென்றால் ஒவ்வொரு மட்டையின் இடுக்கிலும் ஒரு பாளைக்கு இடம் இருக்கிறது. காய்ந்த மட்டை, பன்னாடை, காய்ந்த பாளை, இவற்றை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். தவிர்க்க முடியாமல் பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் அடியிலிருந்து 120 செ.மீ. விட்டு வெட்டவேண்டும். மேலே ஏறியவர் குருத்துப் பக்கம் காண்டாமிருக வண்டு துளைத்த ஓட்டை இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லவேண்டும். பழைய மரமேறிகள் கேட்காமலேயே சொல்வார்கள்.

தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் "தென்னை மரங்களின் நண்பர்கள்" என்ற பெயரில் கருவி கொண்டு ஏறுவதற்குப் பயிற்சி தந்துவருகிறது. அப்படிப் பயின்றவர் உங்கள் வட்டாரத்தில் இருக்கிறாரா என்று தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

திருச்சியிலிருந்து: எங்கள் புங்கமரம் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. விழுமா?

எப்போதிருந்து சாய்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. சிறு வயதிலிருந்தே வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்த மரம் மேலே போகப்போக வளைந்து நிமிர்ந்திருக்கும்; அதற்கேற்ப வேரும் பலப்பட்டிருக்கும். நேராக வளர்ந்த மரம் மொத்தமாகச் சாய்ந்து, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் மேடுதட்டியோ வெடித்தோ இருந்தால் இன்றே ஆளை அழையுங்கள், அடியில் வண்டியை நிறுத்தாதீர்கள். தூரில் குடைபோலக் காளான் முளைத்திருந்தாலும் அலட்சியம் கூடாது. காளான் வெளியே தெரிகிறது என்றால் உள்ளே வைரம் எனும் நடுக்கட்டை வரை உளுத்திருக்கக்கூடும்.

அண்ணா நகரிலிருந்து: எங்கள் தெருவில் வடிகால் தோண்டினார்கள். வர்தா புயலில் விழுந்தவை பெரும்பாலும் அந்தப் பக்கத்து மரங்கள்தான் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். தொடர்பு உண்டா?

உங்கள் தெருவை நான் பார்த்ததில்லை. ஆனால் நடக்கக்கூடியதுதான். மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், இரண்டு மூன்று அடிக்குள், பக்கவாட்டில் பரவிக் கிடக்கிறது. வடிகால் பள்ளம் ஒருபக்கத்து வேர்களை முழுவதுமாக அறுத்துவிடும். மறுபக்கம் தூர்வரை சிமெண்ட். அதற்குமேல் 2016 டிசம்பர் 12 போன்ற காற்று. விழுந்தவற்றில் குல்மோகரும் தூங்குமூஞ்சியும் ஏராளம் என்பதால் பழி மரத்தின்மேல் போயிற்று. வேரை வெட்டியவரை யாரும் கேட்கவில்லை. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டை அகற்றவேண்டும் என்று 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. நம் தெருவில் அதைச் செய்ய உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். மரம் உங்கள் வாசலில் நின்றாலும் தெருவோரத்து மரம் அரசுடையது. அனுமதி இல்லாமல் கைவைக்கக் கூடாது.

கோவையிலிருந்து: நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லோரும் "இருபது வருட அனுபவம்" என்கிறார்கள்.

இருபது வருடமாகத் தவறாகவே வெட்டியிருக்கலாமே! மரம் பராமரிக்கிறவர்களுக்குச் சான்று தரும் பன்னாட்டு மரவளர்ப்புச் சங்கம் (ISA) 1924-ல் தொடங்கியது. அதன் சான்றிதழ்த் தேர்வு எழுதவே சில ஆண்டுகள் அனுபவமோ அதற்கீடான படிப்போ வேண்டும். அந்தச் சான்று பெற்றவர் நம் ஊரில் அரிது. ஆகவே பேச்சிலேயே எடைபோட வேண்டியிருக்கிறது. "எந்தக் கிளையை எடுப்பீர்கள், ஏன்?" என்று கேளுங்கள். மரத்தைப் பார்க்காமல் தொலைபேசியிலேயே விலை சொன்னால் வேண்டாம். ஹெல்மெட், இடுப்பு பெல்ட், கிளையை இறக்கத் தனிக் கயிறு, கீழே ஆள் வராமல் பார்த்துக்கொள்ள ஒருவர், இவை இல்லையென்றாலும் வேண்டாம். ஆணி வைத்த காலணியோடு ஏறுவது வெட்டி அகற்றப்போகும் மரத்துக்கு மட்டும்தான். வாழப்போகும் மரத்தில் அது ஒவ்வோர் அடிக்கும் ஒரு துளை.

சந்தேகமான பெரிய மரம் என்றால் வெட்டுகிறவரிடம் கேட்காமல், முதலில் வெட்டாதவரிடம் கேளுங்கள். வெட்டினால்தான் கூலி என்பவர் "வெட்ட வேண்டாம்" என்று சொல்வது அபூர்வம். உங்கள் ஊரிலேயே வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஒருவர்: ஏறியவர் விழுந்துவிட்டால் பொறுப்பு யாருக்கு?

வழக்கறிஞரிடம் கேட்கவேண்டிய கேள்வி. என்னால் சொல்ல முடிந்தது: ஆட்களுக்கு விபத்துக் காப்பீடு உண்டா என்று வேலைக்கு முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிவிடுங்கள். குறைந்த கூலிக்கு வருகிறவரிடம் இல்லாமல் போவது பெரும்பாலும் இதுதான்.

கடலூரிலிருந்து: புயலில் விழுந்த மரத்தை நாங்களே அறுத்துவிடலாமா? விழுந்த பிறகு என்ன ஆபத்து?

நிற்கிற மரத்தைவிட அதிகம். விழுந்த கிளை இரண்டு இடங்களில் மாட்டி வில்லாக வளைந்திருக்கும். இழுபட்ட பக்கத்தில் செயின்சா பட்டதும் படீரென்று தெறிக்கும். அழுந்திய பக்கத்தில் ஆழமாக அறுத்தால் பல் மாட்டிக்கொள்ளும். எந்தப் பக்கம் எது என்று கண்ணால் படிக்கத் தெரிந்தவர்தான் கைவைக்கவேண்டும். கைக் கத்தியால் சில்லறைக் கொப்புகளைக் கழியுங்கள், போதும். அதற்கும் முன்னால், அடியில் கம்பி அறுந்து கிடக்கிறதா என்று பாருங்கள்.

மதுரையிலிருந்து: மொட்டை அடிக்கக் கூடாது என்கிறீர்கள். முருங்கையை ஒடித்து வளர்க்கச் சொல்லித்தானே பழமொழி?

முருங்கைக்கு அது பொருந்தும். மறுபடி மறுபடி தளிர்ப்பது அதன் குணம். ஒடித்தால்தான் கைக்கெட்டும் உயரத்தில் காய்க்கும். பழமொழியின் பின்பாதியை விட்டுவிடுவோம்.

சேலத்திலிருந்து: நாளை ஆள் வருகிறார். இன்றுதான் கவனித்தேன், கிளையில் காகம் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருக்கிறது.

கிளை இன்றோ நாளையோ விழும் நிலையில் இல்லையென்றால் தள்ளிப் போடுங்கள். குஞ்சுகள் பறக்க ஒரு மாதம் போல ஆகும். மரத்தின் உச்சியில் கயிற்றில் தொங்குகிறவரைக் காகம் தலையில் கொத்த வந்தால் அவருக்கு அது வேடிக்கை அல்ல. மலைத்தேனீ அடை இருந்தாலும் அப்படியே. முதலில் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேட்காமல் தேதியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.