மூன்றாவது வாரத்தில் நின்றுபோகும் உடற்பயிற்சி

கேள்வி: என் வயது 42. உயரம் 170 செ.மீ., எடை 84 கிலோ. நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கிற வேலை. சர்க்கரை, ரத்த அழுத்தம் சரியாக இருக்கின்றன. மாத்திரை எதுவும் எடுப்பதில்லை. மூன்று மாதத்தில் 10 கிலோ குறைக்க வேண்டும், தினமும் ஒரு மணி நேரம், 10,000 அடிகள் நடக்க வேண்டும் என்று முடிவுசெய்து தொடங்குவேன். மூன்று வாரம் தாண்டுவதில்லை. எடையும் அசையவில்லை, முழங்காலும் வலிக்கிறது. இது நான்காவது முறை. எனக்கு மனஉறுதி போதவில்லையா, அல்லது இலக்கே தவறா?

பதில்: இலக்குதான் தவறு. மூன்று வாரம் தினமும் ஒரு மணி நேரம் நடந்தவரிடம் மனஉறுதி இல்லை என்று சொல்ல முடியாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. 10 கிலோவுக்கு 77,000. அது 90 நாளில் கரைய வேண்டுமானால், தினமும் 850 கலோரி பற்றாக்குறை விழ வேண்டும். உங்கள் எடையில் ஒருவர் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது ஏறத்தாழ 300 கலோரிதான். மீதி 550 சாப்பாட்டில்தான் குறைய வேண்டும். நடையை மட்டும் நம்பினால், ஒரு நாள்கூடத் தவறாமல் நடந்தாலும் 90 நாளில் மூன்றரைக் கிலோ. அதுவும் நடந்துவிட்டு வந்த பசியில் கூடுதலாக எதையும் சாப்பிடாமல் இருந்தால்!

மூன்று வாரத்தில் அது எவ்வளவு? 800 கிராம். ஆனால் அதே மூன்று வாரத்தில், பழக்கமில்லாத வேலை செய்யும் தசைகளில் நுண்ணிய காயங்கள் ஏற்பட்டு, அவை ஆறும்வரை அங்கே நீர் தேங்கும். தசைகள் கிளைக்கோஜன் எனும் சேமிப்புச் சர்க்கரையையும் கூடுதலாகச் சேமிக்கத் தொடங்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். போதாததற்கு, முந்தைய நாள் சாப்பிட்ட உப்பைப் பொறுத்தே எடை ஒரு கிலோ ஏறி இறங்கும். நீங்கள் குறைத்த 800 கிராம் இந்த ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்துபோயிருக்கும். எடை மெஷினை நம்பவே கூடாத அந்த வாரத்தில்தான் நீங்கள் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்து மனம் விட்டிருக்கிறீர்கள்.

எடையைப் பார்க்கலாம், அதை இலக்காக வைக்க வேண்டாம். காலையில் கழிவறை போய்வந்த பிறகு, சாப்பிடுவதற்கு முன் தினமும் பார்த்து, வாரச் சராசரியை மட்டும் குறித்து வையுங்கள். ஒரு நாள் எண்ணுக்குப் பொருளே இல்லை. இடுப்புச் சுற்றளவை நான்கு வாரத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு அல்ல.

இலக்கு நீங்கள் செய்யும் செயலாக இருக்கட்டும். "தினமும் நடப்பேன்" என்பது ஆசை. "வாரம் 5 நாள், மாலை வேலை முடிந்து வீட்டுக்குள் வந்ததும் உட்காராமல் ஷூவை மாட்டிக்கொண்டு 20 நிமிடம் நடப்பேன்" என்பதுதான் இலக்கு. இதில் முக்கியமான சொல் 'உட்காராமல்'. சோபாவில் சாய்ந்த பிறகு எழுவதற்குத்தான் மனஉறுதி தேவைப்படுகிறது. அந்த இடத்தையே தவிர்த்துவிடுங்கள்.

மழை, தலைவலி, தாமதம் என்று ஏதாவது வரும். அந்த நாட்களுக்கு 5 நிமிடம் என்று இன்னோர் அளவை இப்போதே எழுதி வையுங்கள். 5 நிமிடத்தில் உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. பழக்கம் அறுந்துபோகாமல் இருக்கத்தான் அது. 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று சொல்வதையும் நம்ப வேண்டாம். 2010இல் வெளியான லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் பழக்கமாக மாற எடுத்த காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை. எனவே தவறிய நாளின் பாக்கியை மறுநாள் சேர்த்து நடந்து தீர்க்க வேண்டாம்.

முழங்கால் விஷயத்துக்கு வருவோம். மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களும் மூட்டுகளைச் சுற்றியுள்ள திசுக்களும் பழக மாதக்கணக்கில் ஆகும். சும்மா இருந்துவிட்டு நேராக ஒரு மணி நேரத்துக்குத் தாவியதற்கு முழங்கால் காட்டும் எதிர்ப்பாகவே இந்த வலி பெரும்பாலும் இருக்கும். முதல் இரண்டு வாரம் 20 நிமிடம், அடுத்த இரண்டு வாரம் 25, அதன்பின் 30. பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம் போதும். 30 நிமிடம் 5 நாள் என்றால் 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு அதுதான். நேரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். நடக்கும்போது லேசான வலி இருந்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம். மறுநாள் கூடினால் முந்தைய அளவுக்கு இறங்குங்கள். வாரம் இரண்டு நாள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி, 8 முறை வீதம் இரண்டு சுற்று. தொடைத் தசை வலுத்தால் முழங்காலுக்குச் சுமை குறையும்.

10,000 அடிகள் என்பது மருத்துவர்கள் வகுத்த எல்லை இல்லை. 1960களில் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. அதை விட்டுவிடலாம்.

சீக்கிரம் மாறுகிற ஒன்றை அளந்தால்தான் ஊக்கம் தங்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு சோதனைகள் செய்யுங்கள். 30 நொடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து முழுதாக எழ முடிகிறது என்று எண்ணுங்கள். ஒரே சமதளப் பாதையில் ஒரு கிலோமீட்டர் நடந்து, ஆன நேரத்தையும், நின்றவுடன் 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கிய நாடித்துடிப்பையும் குறியுங்கள். நாற்காலி எண்ணிக்கைதான் முதலில் கூடும்; தசை வளர்வதற்கு முன்பே நரம்புகள் இருக்கும் தசையை நன்றாக இயக்கப் பழகிவிடும் என்பதே காரணம். அதே தூரத்தை அதே நிமிடக் கணக்கில் நடந்தும் நாடித்துடிப்பு குறைந்திருந்தால், இதயம் பழகிவருகிறது என்று பொருள்.

தொடர்ந்து இரண்டு வாரம், 5 நாளில் 3 நாள்கூட முடியவில்லையா? உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம், 20 நிமிடத்தை 12 ஆக்குங்கள்.

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வேகத்துக்குப் பொருந்தாத மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சில நிமிட ஓய்விலும் நெஞ்சு வலி அடங்காவிட்டால் அவசர சிகிச்சைக்கே போக வேண்டும். முழங்கால் வீங்கினாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ, இந்த அளவுக்குக் குறைத்தும் ஆறு வாரத்தில் வலி போகாவிட்டாலோ எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.