ரசிகர் படை திட்டும்போது: வாசகர் கேள்வி-பதில்

ஒரு முன்னணி நடிகரின் படம் இழுவை என்று எக்ஸ் தளத்தில் எழுதினேன். ரசிகர்கள் கும்பலாக வந்து என் அம்மாவையும் இழுத்துக் கேவலமாகத் திட்டுகிறார்கள். பதிலுக்கு நாலு வார்த்தை கேட்காவிட்டால் பயந்துவிட்டேன் என்று ஆகாதா?
– வாசகி, திருச்சி

அம்மாவை இழுத்தால் யாருக்கும் ரத்தம் கொதிக்கும். ஆனால் அந்தக் கும்பல் காத்திருப்பதே உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு கெட்ட வார்த்தைக்குத்தான். தங்கள் வசவை வெட்டிவிட்டு உங்கள் வரியை மட்டும் ஸ்க்ரீன்ஷாட்டாகச் சுற்ற விடுவார்கள். நாளை நீங்கள் புகார் கொடுத்தால், அதே படத்தோடு எதிர்ப்புகார் வரும்.

ப்ளாக் செய்வதற்கு முன் ஆதாரம் எடுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டில் வசவு, @ உடன் வரும் பயனர் பெயர், தேதி, நேரம் நான்கும் தெரிய வேண்டும். மேலே பெரிதாகத் தெரியும் பெயரை நொடியில் மாற்றிவிடலாம் என்பதால் அது மட்டும் போதாது. பதிவின் லிங்க், ப்ரொஃபைல் லிங்க் இரண்டையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். உங்கள் மூலப் பதிவையும் அழிக்காதீர்கள். அழித்தால், நீங்கள் எழுதாததை எழுதியதாகச் சொன்னாலும் மறுக்க வழியிருக்காது.

பதில் சொல்லியே தீர வேண்டுமென்றால் ஒரே ஒரு முறை, உங்கள் பதிவின் கீழேயே சொல்லுங்கள்: 'படம் பற்றி என் கருத்து இது. மறுத்துப் பேசலாம். குடும்பத்தை இழுத்த பதிவுகளைச் சேமித்திருக்கிறேன், புகார் கொடுப்பேன்.' இதில் நடிகரைச் சீண்டாதீர்கள், ரசிகர்களுக்குப் பட்டப்பெயர் வைக்காதீர்கள். வைத்தால், அதுவரை ஒதுங்கி நின்ற கண்ணியமான ரசிகரும் எதிரணிக்குப் போய்விடுவார். திட்டியவரின் பதிவை மேற்கோள் காட்டி (quote) மறுபதிவு செய்யவும் வேண்டாம். உங்களைப் பின்தொடர்பவர்கள் அங்கே போய் அவர் அம்மாவைத் திட்டுவார்கள். அந்தக் கும்பலுக்குத் தலைமை நீங்களாகிவிடுவீர்கள்.

பிறகு, யார் ரிப்ளை செய்யலாம் என்பதை நீங்கள் பின்தொடர்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். பதிவு போட்ட பின்பும் இதை மாற்றலாம். நோட்டிஃபிகேஷன் ஃபில்டரில் புது ஐடிகளையும் ப்ரொஃபைல் படம் இல்லாத ஐடிகளையும் மியூட் செய்யுங்கள். மியூட் சொற்களில் படத்தின் பெயரை 7 நாளுக்குப் போடுங்கள். வசவுச் சொல்லைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் விதவிதமாக எழுதுவார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே சேர்க்க வேண்டும். எக்ஸில் ப்ளாக் செய்தாலும் உங்கள் பொதுப் பதிவுகளை அவர்கள் பார்க்க முடியும் என்பதையும் மனதில் வையுங்கள்.

மிரட்டலோ ஆபாசமோ இருந்தால் தேசிய சைபர்கிரைம் இணையதளத்தில் புகார் கொடுங்கள். பெயர் சொல்லாமல் கொடுத்தால் புகாரின் நிலையைப் பின்தொடர முடியாது. பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 79 (பெண்ணை இழிவுபடுத்தும் சொல், செயல்), 351 (மிரட்டல்) பிரிவுகளும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவும் (இணையத்தில் ஆபாசம்) பொருந்தக்கூடும். அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைக் குறிப்பிட வேண்டாம், 2015லேயே உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

எங்கள் ரசிகர் வாட்ஸ்அப் குழுவில் 'இந்த ஐடியைத் தூக்கணும், எல்லாரும் ரிப்போர்ட் அடிங்க' என்று லிங்க் வருகிறது. எனக்கு மனமில்லை. என்ன செய்யலாம்?
– கல்லூரி மாணவர், மதுரை

லிங்க்கைத் திறக்காதீர்கள், வேறு குழுவுக்கும் அனுப்பாதீர்கள். எத்தனை பேர் ரிப்போர்ட் செய்தார்கள் என்பதை வைத்து ஒரு பதிவை நீக்குவதில்லை என்று இன்ஸ்டாகிராமே சொல்கிறது. விதியை மீறாத பதிவைக் கூட்டமாக ரிப்போர்ட் செய்வது ஒருவரை அலைக்கழிக்கத்தான் உதவும். குழுவில் 'விமர்சனம்தானே ப்ரோ, விடுங்க' என்று ஒரு வரி போட்டுப் பாருங்கள். உங்களைப் போல நினைத்துக்கொண்டு வாய் திறக்காதவர்கள் அங்கே இருப்பார்கள். அட்மினிடம் தனியாகப் பேசுங்கள். மற்றவர் போட்ட செய்தியையும் எல்லோருக்கும் சேர்த்து அழிக்க அவரால் முடியும்.

சண்டையில் என் தங்கையின் படத்தை ஆபாசமாக மார்ஃபிங் செய்துவிட்டார்கள். அவளுக்கு 20 வயது.
– வாசகர், கோவை

பதிலுக்கு அவர்கள் வீட்டுப் பெண்களின் படத்தைத் தேடி மார்ஃபிங் செய்யாதீர்கள். அதுவும் அதே குற்றம்தான். முதலில் லிங்க்கைக் குறித்துக்கொண்டு அந்தத் தளத்திலேயே ரிப்போர்ட் செய்யுங்கள். கூடவே, சம்மதமின்றி அந்தரங்கப் படங்கள் பரவுவதைத் தடுக்க உதவும் 'ஸ்டாப்என்சிஐஐ' (StopNCII) தளத்தில் தங்கையே பதிவு செய்யட்டும். படம் அவர் போனைவிட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குச் செல்லும். அது முடியும்வரை போனில் உள்ள பிரதியை அழிக்க வேண்டாம். யாருக்கும், உதவி கேட்டுக்கூட, அந்தப் படத்தை ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.