சிங்கப்பூருக்குத் தனியாக வேலைக்குக் கிளம்புகிறவர்கள் கேட்டவை

நான் கட்டுமான வேலைக்கான ஒர்க் பெர்மிட்டில் (வேலை அனுமதி) சிங்கப்பூர் வந்தவன். இப்போது எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி) சைட் சேஃப்டி வேலை பார்க்கிறேன். முதல்முறை கிளம்பும் தம்பி தங்கைகள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். மற்றதற்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

அண்ணே, ஏஜென்ட் 5 லட்சம் கேட்கிறார். அடிப்படைச் சம்பளம் 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஓடி (கூடுதல் நேர வேலை) நிறைய இருக்கும் என்கிறார். அப்பா 3 வட்டிக்கு வாங்கித் தருகிறார். போகலாமா? (பட்டுக்கோட்டை)

இந்தக் கணக்கில் போகாதே தம்பி. வெள்ளி 65 ரூபாய் என்று வைத்தால் 600 வெள்ளி 39,000 ரூபாய். அதில் வட்டிக்கு மட்டும் மாதம் 15,000 போய்விடும், காட்டரிங் சாப்பாடு, போன், சோப்பு என்று சிக்கனமாக இருந்தாலே இன்னொரு 12,000. மீதி 12,000 ரூபாயை அப்படியே அசலில் கட்டினாலும், வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாவிட்டாலும், இரண்டு வருஷத்தில் கடன் தீராது. ஓடியை இந்தக் கணக்கில் சேர்க்காதே. மழை, வேலைக் குறைவு என்று ஓடி எப்போது வேண்டுமானாலும் நிற்கும், ஆனால் வட்டி நிற்காது.

சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்சி உன்னிடம் வாங்கக்கூடியது ஒரு வருஷ பெர்மிட்டுக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். அதற்கு மேல் போவதெல்லாம் நடுவில் இருக்கும் கைகளுக்குத்தான், ஊரில் கொடுக்கும் பணத்துக்குப் பெரும்பாலும் ரசீதும் கிடைக்காது. தொழில்திறன் டெஸ்ட் பாஸ் செய்துவிட்டு, ஏற்கனவே அங்கே இருக்கும் சொந்தக்காரர் மூலம் நேராகக் கம்பெனியில் கேட்க வழி இருக்கிறதா என்று பார். ஆறு மாதம் தாமதமானாலும் பரவாயில்லை. இங்கே நான் பார்த்த கஷ்டங்களில் பாதிக்கு மேல் கடனில் ஆரம்பித்தவை. கடன் கழுத்தில் இருப்பவன் சம்பளம் வராவிட்டாலும் வாய் திறக்க மாட்டான்.

ஐபிஏ (வேலை பெர்மிட்டுக்கான முன் ஒப்புதல் கடிதம்) வாட்ஸப்பில் வந்துவிட்டது. அதில் எதைப் பார்க்க வேண்டும்? (சிவகங்கை)

முதலில் அது நிஜமா என்று பார். சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் (நாம் எம்ஓஎம் என்போமே, அதுதான்) இணையதளத்தில் சரிபார்க்கலாம். அப்புறம் கம்பெனி பெயர், வேலையின் பெயர், அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், பிடித்தம். இந்த ஐந்தும் ஏஜென்ட் வாயால் சொன்னதோடு ஒத்துப்போக வேண்டும். ஐபிஏ உனக்குப் புரிகிற மொழியில், நீ ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே கையில் கிடைக்க வேண்டும் என்பது விதி. தமிழில் கேட்டு வாங்கு. அதில் போட்ட சம்பளத்தை நீ எழுத்தில் சம்மதிக்காமலும் எம்ஓஎம்-க்குத் தெரிவிக்காமலும் கம்பெனி குறைக்க முடியாது. வந்திறங்கிய அன்று அவசரமாக ஒரு தாளை நீட்டி கையெழுத்துப் போடச் சொன்னால், படிக்காமல் போடாதே.

பிரிண்ட் எடுத்து ஒன்று பையில், ஒன்று வீட்டில். போட்டோ எடுத்து அம்மா போனுக்கும் அனுப்பிவிடு.

பாஸ்போர்ட்டைக் கம்பெனியே பத்திரமாக வைத்துக்கொள்ளும் என்கிறார்களே?

உன் பாஸ்போர்ட் உன்னிடம்தான் இருக்க வேண்டும். பிடித்து வைப்பது குற்றம். பெர்மிட் வேலைக்காகக் கேட்டால் கொடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் திரும்பக் கேள்.

ஓடி பணம் சரியாக வருவதில்லை. புகார் செய்தால் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. (டார்மிட்டரியில் இருந்து ஒரு தம்பி)

பயம் நியாயமானது, அதைச் சாதாரணமாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனாலும் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொள். வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் செய்வது ஓடி, அதற்கு ஒன்றரை மடங்கு. 600 வெள்ளி அடிப்படைக்கு ஒரு மணி நேரம் 3.15 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு, ஓடிக்கு 4.72 வெள்ளி. சம்பளம் மாதம் முடிந்து 7 நாளுக்குள்ளும், ஓடி 14 நாளுக்குள்ளும் வர வேண்டும். விவரம் போட்ட பே-ஸ்லிப் கொடுத்தாக வேண்டும்.

இன்றிலிருந்தே ஒரு சின்ன நோட்டுப் போடு. தேதி, எந்த சைட், எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடிந்தது. டைம் கார்டு இருந்தால் வாராவாரம் போட்டோ. சம்பளத் தகராறு டாடிம் என்கிற அமைப்பில் பேசித் தீர்க்கப்படுகிறது, அங்கே இந்த நோட்டு உனக்காகப் பேசும். வேலையில் இருக்கும்போது கடந்த ஒரு வருஷப் பாக்கிக்குக் கேட்கலாம், வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள் போய்விட வேண்டும். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் வெளிநாட்டு ஊழியர் நிலையத்திலோ, டிடபிள்யூசி2, ஹோம் போன்ற தொண்டு அமைப்புகளிலோ பேசு. இலவசம்தான். அதே பாக்கி இருக்கும் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போனால் இன்னும் நல்லது.

அதே கம்பெனியில்தான் கடைசிவரை இருக்க வேண்டுமா?

இல்லை. கட்டுமான பெர்மிட்டில் இருந்தால், பெர்மிட் முடிய 40 நாளிலிருந்து 21 நாள் இருக்கும் அந்த இடைவெளியில் பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே கட்டுமானத் துறையிலேயே வேறு கம்பெனிக்கு மாறலாம். புதுக் கம்பெனி அந்த நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். புதுப்பிக்கப் பணம் கேட்டால் கொடுக்காதே. வேலை கொடுக்கவோ நீட்டிக்கவோ முதலாளி காசு வாங்குவது இங்கே ஜெயிலுக்குப் போகக்கூடிய குற்றம்.

சைட்டில் விழுந்து கையில் அடி. ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொல்கிறார்கள்.

சொல்லாதே தம்பி. டாக்டரிடம் எங்கே, எப்படி, எத்தனை மணிக்கு என்று நடந்ததை நடந்தபடி சொல். இங்கே வேலையில் அடிபட்டால் யார் தவறு என்று பார்க்காமலே மருத்துவச் செலவும் விடுப்புச் சம்பளமும் உண்டு. நீ மாற்றிச் சொன்ன அந்த ஒரு வரி மருத்துவமனைப் பதிவில் ஏறிவிட்டால் பிறகு மாற்றப் போராட வேண்டியிருக்கும். பார்த்த நண்பர்களின் பெயரைக் குறித்து வை.

அண்ணா, எனக்கு ஐடி வேலை, எஸ் பாஸ். 23 வயது, பெண், அங்கே யாரையும் தெரியாது. ரூம் எப்படிப் பிடிப்பது? (கோவை)

ஊரிலிருந்தே அட்வான்ஸ் அனுப்பாதேம்மா. ரூமைக் காட்டும் முன் பணம் கேட்பவர்களில் மோசடிக்காரர்கள் உண்டு. முதல் சில நாளுக்கு ஹாஸ்டல் போட்டுவிட்டு, நேரில் பார்த்து எடு. எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீடு என்றால் குறைந்தது ஆறு மாத வாடகை ஒப்பந்தம், உன் பெயர் எச்டிபியில் பதிவாக வேண்டும், ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டியிருக்க வேண்டும். வீட்டுக்காரர் "அதெல்லாம் வேண்டாம்" என்றால் அந்த ரூம் உனக்கு வேண்டாம். சமைக்கலாமா, துணி துவைக்கும் நாள், விருந்தாளி வரலாமா, இதெல்லாம் முன்பே கேட்டு ஒப்பந்தத்தில் எழுத வை. எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) பக்கத்தில் இருக்கிறதா என்பதைவிட, இரவு பத்து மணிக்கு ஸ்டேஷனிலிருந்து நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்.

இன்னொன்று. வேலையை விடும்போது வரிக் கணக்கு முடியும்வரை கம்பெனி கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைக்கும், அது சட்டப்படிதான். கையில் இரண்டு மாதச் செலவு இல்லாமல் ராஜினாமா எழுதாதே.

என்ன கொண்டுவரக் கூடாது?

மெல்லும் புகையிலை, வேப், சூயிங் கம் எதுவும் வேண்டாம். யார் கொடுக்கும் பார்சலையும் உள்ளே என்ன என்று பார்க்காமல் வாங்காதே, போதைப்பொருளுக்கு இங்கே தூக்குத் தண்டனை வரை உண்டு. மசாலா, அரிசி எதுவும் சுமக்க வேண்டாம், லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் எல்லாம் கிடைக்கும்.

விசிட்டில் வந்து வேலை தேடலாமா?

இன்டர்வியூ போகலாம். பாஸ் கைக்கு வரும் முன் ஒரு நாள்கூட வேலை செய்யக் கூடாது, "ட்ரையல்" என்று யார் கூப்பிட்டாலும் சரி.